உமிழ்நீர் வற்றிய வாயில் பற்களைக் காப்பாற்றுவது எப்படி?

ஒரே ஆண்டில் என் கீழ்வரிசை முன்பற்களில், ஈறை ஒட்டி நான்கு சொத்தைகள் விழுந்தன. "இரவில் பல் துலக்குவதில்லையா?" என்று கேட்டார் பல் மருத்துவர். இரண்டு வேளையும் தவறாமல் துலக்குகிறவள் நான். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். ஷோக்ரன் நோய் என்று தெரிந்தது பிறகுதான். உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் இது.

கீழ் முன்பற்களில் சாதாரணமாகச் சொத்தை அதிகம் வராது. நாக்குக்கு அடியில் ஊறும் உமிழ்நீர் அவற்றை எப்போதும் நனைத்துக்கொண்டிருக்கும். அங்கே சொத்தை வந்தால், துலக்கும் பழக்கத்தைக் குறை சொல்வதற்கு முன் உமிழ்நீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் எச்சிலைக் குவளையில் வடியவிட்டு அளப்பார்கள். நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டருக்கு மேல் இல்லையென்றால் மிகக் குறைவு என்று பொருள்.

உமிழ்நீர் வாயிலுள்ள அமிலத்தை முறிக்கும். பல் இழந்த கால்சியத்தைத் திருப்பித் தரும். அது வற்றிவிட்டால் இந்த இரண்டு வேலைகளையும் நாம்தான் செய்யவேண்டும்.

அமிலத்தில் நான் செய்த தவறு பெரியது. வறட்சிக்காக நாள் முழுவதும் புளிப்பு மிட்டாய் சப்பினேன். சற்று எச்சில் ஊறும், உண்மைதான். ஆனால் வாயின் பி.ஹெச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினாலே பல்லின் மேலோடான எனாமல் கரையத் தொடங்கும். ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதி அதற்கு முன்பே கரையும். 'சர்க்கரை இல்லாதது' என்று விற்கும் மிட்டாயிலும் சிட்ரிக் அமிலம் இருக்கலாம். உறையைப் படித்துப் பாருங்கள். சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு கலந்த, புளிப்பில்லாத சூயிங்கம்மை மெல்வது நல்லது. (வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், சைலிட்டால் நாய்களுக்கு நஞ்சு.) சர்க்கரை போட்ட தேநீரோ பழச்சாறோ குடித்தால் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். ஒரு மணி நேரம் மிடறு மிடறாகக் குடித்தால் பல் அந்த ஒரு மணி நேரமும் அமிலத்தில் கிடக்கும். முடித்ததும் ஒரு குவளை நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துக் கொப்பளித்துத் துப்புங்கள். உடனே துலக்க வேண்டாம். அரை மணி நேரம் போகட்டும்.

அடுத்தது, இழந்த கால்சியத்தைப் பல் திரும்பப் பிடித்துக்கொள்ள உதவும் ஃபுளோரைடு. சாதாரணப் பற்பசையில் 1000 முதல் 1500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கும். எங்களைப் போன்றவர்களுக்கென்றே 5000 பி.பி.எம். பற்பசை உண்டு, மருத்துவர் எழுதித் தந்தால் வாங்கலாம். துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு, நீரால் கொப்பளிக்காமல் படுத்துவிடுங்கள். எனக்கு இது பழக ஒரு மாதம் ஆயிற்று. ஆனாலும் இதைத்தான் முதலில் பழகச் சொல்வேன். தூக்கத்தில் உமிழ்நீர் யாருக்குமே குறையும், நமக்கு ஏறக்குறைய வற்றியேவிடும். நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் வறண்ட வாயை எரிக்கும். அது இல்லாத பற்பசையைக் கேளுங்கள். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்ளுங்கள்.

சுரப்பியில் உயிர் மிச்சமிருந்தால் பைலோகார்பின் மாத்திரை அதைத் தூண்டும். வியர்த்துக் கொட்டும், அடிக்கடி சிறுநீர் வரும். கட்டுக்குள் வராத ஆஸ்துமாவும் சிலவகைக் கண்ணழுத்த நோயும் உள்ளவர்களுக்கு ஆகாது. நீங்கள் ஏற்கெனவே விழுங்கும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒவ்வாமை மாத்திரைகள் பல வாயை இன்னும் உலர்த்தும்.

நாக்கு சிவந்து எரிந்தாலோ, உதட்டோரம் வெடித்து ஆறாமல் இருந்தாலோ, பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். வறட்சிதானே என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குத் தரும் சப்பும் மாத்திரையிலும் திரவ மருந்திலும் சர்க்கரை கலந்திருப்பது உண்டு, கேட்டு வாங்குங்கள். காதுக்குக் கீழே கன்னத்தில் வரும் வீக்கம் வாரக்கணக்கில் வடியாமல் நின்றால், பல் மருத்துவருக்காகக் காத்திருக்காமல் இந்த நோய்க்கு உங்களைப் பார்க்கும் வாதநோய் (மூட்டு, எதிர்ப்பாற்றல் நோய்கள்) மருத்துவரிடம் உடனே போங்கள். இந்த நோயில் நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.