வலிப்பு வந்தால் சாவியைத் தேடாதீர்கள், மணியைப் பாருங்கள்

வலிப்பு பெரும்பாலும் 2, 3 நிமிடத்தில் தானே நின்றுவிடும். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 108-ஐ அழையுங்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். தலைக்கடியில் மடித்த துண்டு; உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழிந்துவிடும். வாயில் கரண்டி திணித்தால் பல்தான் உடையும். சாவிக்கொத்தைக் கொடுத்ததும் நின்றதே என்பார்கள். அது நிற்கும் நேரம், அவ்வளவுதான்.

இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். கண் திறந்திருந்ததா, எந்தப் பக்கம் முதலில் இழுத்தது, தெளிய எவ்வளவு நேரமானது? வலிப்பா, சாதாரண மயக்கமா, வலிப்பு போலவே தோன்றும் வேறொன்றா என்று பிரித்தறிய மருத்துவருக்கு இவை பெரிதும் உதவும். மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி சோதனை சரியாக இருப்பதாலேயே வலிப்பு நோய் இல்லை என்று ஆகிவிடாது.