மியூசிக் இண்டஸ்ட்ரி பட்டமும் எம்பிஏவும் ஐந்து வருடத்தில்: கிரெடிட் கணக்குப் போடுவது எப்படி?

அமெரிக்காவில் இளங்கலையில் மியூசிக் இண்டஸ்ட்ரி, அதை ஒட்டியே எம்பிஏ என்று 4+1 வழியில் படித்து முடித்தவன் நான். ஐந்து வருடத்தில் முடிய வேண்டியது எனக்கு ஐந்தரை ஆனது. அந்த அரை வருடம் எங்கே தொலைந்தது என்பது இப்போது நன்றாகத் தெரியும். இரண்டாம் வருடத்தில் ஆசைப்பட்டு எடுத்த நான்கு வகுப்புகளில்தான். யாராவது முன்னாலேயே ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தால் தப்பித்திருப்பேன், அதனால் அந்தத் தாளை இங்கே எழுதி வைக்கிறேன். கிரெடிட், செமஸ்டர், ஜிபிஏ எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. பெரிய பெயருள்ள முழுநேர எம்பிஏக்களில் சேருகிறவர்கள் பெரும்பாலும் நான்கைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். நீங்கள் 22 வயதில் அனுபவம் எதுவும் இல்லாமல் போகிறீர்கள். பிறகு 28 வயதில் இன்னும் பெரிய இடத்தில் படிக்கலாமே என்று தோன்றினால், கையில் ஏற்கெனவே ஒரு எம்பிஏ இருக்கிறது என்பதற்காகவே சில இடங்களில் விண்ணப்பத்தை வாங்க மாட்டார்கள். லேபிளின் நிதிப் பிரிவு, ராயல்டி கணக்கு, பாடல் கேட்டலாக்குகளை (பாடல் உரிமைத் தொகுப்புகளை) வாங்கி விற்பது, அரங்கம் நடத்துவது போன்ற வேலைகள் மேல் கண் இருந்தால் இந்த வழி சரி. ஆர்டிஸ்ட் மேனேஜராக வேண்டும் என்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்திவிட்டு இன்றைக்கே ஒரு பேண்டைப் பிடித்து அவர்களோடு ஊர் ஊராகச் சுற்றுங்கள் என்பேன். இசை வணிகத்தையே இன்னும் ஆழமாகப் படிக்க வேண்டும் என்பவர்களுக்கு பெர்க்லீயின் வலென்சியா வளாகத்தில் இருப்பது மாதிரித் தனி முதுகலைப் படிப்புகள் இருக்கின்றன, அது வேறு கதை.

படி 1: பட்டத்தின் பெயரைப் பாருங்கள்

'மியூசிக் இண்டஸ்ட்ரி' என்ற ஒரே பெயரில் மூன்று விதமான பட்டங்கள் உலவுகின்றன. பேச்சிலர் ஆஃப் மியூசிக் என்றால் கிரெடிட்டில் பெரும்பகுதி இசைக்கே போய்விடும், தியரி, வாத்தியப் பாடம், ஆன்சாம்பிள் (குழுவாகச் சேர்ந்து வாசிப்பது) என்று. இந்த ஆன்சாம்பிள் காகிதத்தில் ஒரு கிரெடிட்தான், சில இடங்களில் அதுவும் இல்லை, ஆனால் வாரத்துக்கு நான்கு மணி நேர ஒத்திகை கேட்கும். பிஎஸ் அல்லது பிஏ பட்டத்தில் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கும். மூன்றாவது வகை, நாஷ்வில்லில் உள்ள பெல்மான்ட் பல்கலைக்கழகத்தில் இருப்பதைப் போல, மியூசிக் பிசினஸையே பிபிஏவாக, அதாவது வணிக நிர்வாக இளங்கலையாகப் படிப்பது. அதில் அக்கவுண்டிங், ஃபைனான்ஸ் எல்லாம் உள்ளேயே வந்துவிடும்.

என் கட்சி பிஎஸ், கூடவே பிசினஸ் மைனர் (துணைப் பாடத்தொகுதி). வாத்தியம்தான் உயிர் என்பவர்கள் மட்டும் பேச்சிலர் ஆஃப் மியூசிக் பக்கம் போங்கள், ஆனால் ஐந்து வருடத்தில் முடிப்பது கஷ்டம் என்று தெரிந்தே போங்கள். எம்பிஏ தரும் பிசினஸ் ஸ்கூலுக்கு ஏஏசிஎஸ்பி (பிசினஸ் ஸ்கூல்களைத் தரம் பார்க்கும் சர்வதேச அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

படி 2: அடித்தளப் பாடங்களை முதல் இரண்டு வருடத்தில் முடியுங்கள்

ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், புள்ளியியல், மைக்ரோ எகனாமிக்ஸ், அடிப்படை ஃபைனான்ஸ். எம்பிஏ தொடங்கும் முன் பெரும்பாலும் எல்லா இடத்திலும் எதிர்பார்ப்பது இவற்றைத்தான். புள்ளியியலை ஜெனரல் எஜுகேஷனில் (எந்தப் பட்டத்துக்கும் கட்டாயமான பொதுப் பாடங்களில்) உள்ள கணிதத் தேவைக்கும், மைக்ரோவை சமூக அறிவியல் தேவைக்கும் போட்டுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் முடியும். ஆறு கிரெடிட் மிச்சம்.

படி 3: இரண்டு முறை எண்ணப்படும் பாடங்கள் (நான் விழுந்த குழி)

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். 4+1இன் உயிர் இதில்தான் இருக்கிறது: நான்காம் வருடத்தில் நீங்கள் எடுக்கும் சில எம்பிஏ பாடங்கள் இளங்கலைக்கும் எண்ணப்படும், எம்பிஏவுக்கும் எண்ணப்படும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் கல் இருந்தால் மட்டும் போதாதே, இரண்டு மரத்திலும் மாங்காய் தொங்க வேண்டும். அந்தப் பாடத்தை எம்பிஏவில் ஏற்றுக்கொள்கிறார்களா என்று எல்லோரும் கேட்கிறோம். இளங்கலையின் 120 கிரெடிட்டுக்குள் அதை உட்கார வைக்க ஒரு காலி இடம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

என் கணக்கு இப்படி இருந்தது. ஜெனரல் எஜுகேஷன் 36, இசையும் இண்டஸ்ட்ரிப் பாடங்களும் 48, பிசினஸ் மைனர் 18, விருப்பப் பாடம் 18. மொத்தம் 120. எம்பிஏ 36. இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் 156. எங்கள் இடத்தில் 12 கிரெடிட் வரை இரண்டு பக்கமும் எண்ணலாம், அப்படியானால் 144. அதாவது நான்கு வருடம் கழித்து எம்பிஏவில் பாக்கி 24 மட்டும். இலையுதிர் செமஸ்டரில் 9, வசந்தத்தில் 9, கோடையில் 6. முடிந்தது, ஐந்தாம் வருடக் கோடையில் கையில் இரண்டு பட்டம்.

அந்த 12 வந்து உட்காரும் இடம் விருப்பப் பாடத்துக்கான 18 கிரெடிட்தான், வேறெங்கும் இடம் கிடையாது. நான் என்ன செய்தேன்? இரண்டாம் வருடத்தில் இரண்டு ரெக்கார்டிங் வகுப்பு, ஒரு பாட்டெழுதும் வகுப்பு, ஒரு திரைப்பட இசை வகுப்பு என்று 12 கிரெடிட்டைத் தின்றுவிட்டேன். அருமையான வகுப்புகள்தான், இன்றைக்கும் திட்ட மனசு வரவில்லை. ஆனால் காலியிடம் ஆறுதான் மிச்சம், அதனால் இரண்டு எம்பிஏ பாடங்கள்தான் இரண்டு பக்கமும் எண்ணப்பட்டன. பாக்கி 24க்குப் பதில் 30. கோடை முடிந்தும் ஆறு கிரெடிட் நிற்க, இன்னொரு இலையுதிர் செமஸ்டருக்கு முழு வாடகை.

ஆகவே முதல் வருடத்திலேயே ஒரு கூகுள் ஷீட் திறங்கள். பட்டத்துக்கு எதை முடித்தீர்கள் என்று பல்கலைக்கழகம் காட்டும் டிகிரி ஆடிட் பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள், அது நீங்கள் எடுத்ததைக் காட்டும், விட்டுவைக்க வேண்டியதைக் காட்டாது. அழகழகான திட்டமிடும் ஆப்களும் வேண்டாம், உங்கள் அட்வைசரால் திறந்து பார்த்துத் திருத்த முடிகிற சாதா ஷீட்தான் நல்லது. நான்கு நெடுவரிசை போதும்: பாடம், இளங்கலையில் எந்த இடத்தில் உட்காருகிறது, எம்பிஏவில் எந்த இடத்தில் உட்காருகிறது, யார் எந்தத் தேதியில் மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவது, மூன்றாவது நெடுவரிசை இரண்டிலும் பெயர் இருந்தால்தான் அது பகிர்ந்த பாடம். விருப்பப் பாட இடங்களில் 12ஐ மஞ்சள் வண்ணம் பூசிப் பூட்டிவிடுங்கள்.

வெய்வர் (ஒரு பாடத்திலிருந்து விலக்கு) என்ற சொல்லும் ஏமாற்றும். "உங்களுக்கு அக்கவுண்டிங் வெய்வர் கிடைத்துவிட்டது" என்றால் 36இல் மூன்று குறைந்தது என்று அர்த்தமில்லை. சில இடங்களில் குறையும், சில இடங்களில் அந்தப் பாடத்துக்குப் பதிலாக வேறொன்றை எடுக்கச் சொல்வார்கள், கணக்கு 36இலேயே நிற்கும். "மொத்தம் குறையுமா, பாடம் மட்டும் மாறுமா?" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். இரண்டு பக்கமும் எண்ணப்படுவதற்குக் குறைந்தபட்ச கிரேடு என்ன என்பதையும் கேளுங்கள், பி என்பது பல இடங்களின் வழக்கம்.

படி 4: மூன்றாம் வருடத்தில் விண்ணப்பம்

பெரிய விஷயமில்லை. ஜிபிஏ, இரண்டு பரிந்துரைக் கடிதம், ஒரு கட்டுரை. ஒரு கடிதம் கட்டாயம் அக்கவுண்டிங் அல்லது ஃபைனான்ஸ் ஆசிரியரிடமிருந்து வாங்குங்கள், இசைப் பேராசிரியர் எவ்வளவு புகழ்ந்தாலும் பிசினஸ் ஸ்கூலுக்கு உங்கள் எண்கள் மேல்தான் சந்தேகம். அதே பல்கலைக்கழகத்துக்குள்ளிருந்து போகிறவர்களுக்கு ஜிமேட் என்ற எம்பிஏ நுழைவுத் தேர்வு பல இடங்களில் தேவைப்படாது. தேவைப்பட்டால் இப்போதைய ஜிமேட் 2 மணி 15 நிமிடம், மதிப்பெண் 205 முதல் 805 வரை. முதுகலைக்கான பொது நுழைவுத் தேர்வான ஜிஆர்இ இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், இரண்டும் ஏற்கப்பட்டால் நான் ஜிஆர்இ என்பேன்.

படி 5: எந்த நாளில் நீங்கள் 'கிராஜுவேட்' ஆகிறீர்கள்?

பணம் போகிற வழி இது. அமெரிக்காவில் 'கிராஜுவேட்' என்றால் முதுகலை மாணவர். இளங்கலை மாணவராக இருக்கும்வரை, 12 முதல் 18 கிரெடிட் வரை ஒரே கட்டணம் என்ற முறை உங்கள் இடத்தில் இருந்தால், அதற்குள்ளேயே எம்பிஏ பாடத்தையும் எடுத்துவிடலாம், தனிக் காசு கிடையாது. கிராஜுவேட் என்று பதிவு மாறிய அடுத்த நிமிடம் கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று பில் வரும். மத்திய அரசின் பெல் கிராண்ட் என்ற உதவித்தொகை இளங்கலை மாணவர்களுக்கானது, அது நின்றுவிடும். இளங்கலை உதவித்தொகையும், படிக்கும்வரை வட்டியை அரசே கட்டும் சப்சிடைஸ்டு கடனும் அப்படியே. பெற்றோரைச் சார்ந்த மூன்றாம், நான்காம் வருட மாணவருக்கு மத்தியக் கடன் வரம்பு ஆண்டுக்கு 7,500 டாலர், கிராஜுவேட் ஆனால் 20,500 டாலர், ஆனால் அது முழுக்க அன்சப்சிடைஸ்டு, வட்டி முதல் நாளே ஓடத் தொடங்கும். மிச்சத்துக்கு கிராட் பிளஸ் என்ற கூடுதல் மத்தியக் கடன் இருக்கிறதே என்று பழைய பதிவுகளில் படித்துவிட்டு வராதீர்கள், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு அது கிடையாது. ஒரே ஆறுதல், கிராஜுவேட் மாணவரை எஃப்ஏஎஃப்எஸ்ஏ (மத்திய நிதி உதவிக்கான விண்ணப்பம்) தனி நபராகவே பார்க்கும், பெற்றோர் வருமானம் கேட்காது.

நிதி உதவி அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: "எந்த செமஸ்டரில் என் பதிவு மாறும்?" பதிலைச் சேமித்து வையுங்கள். நேரில் போய்க் கேட்டு வாய்வழியாக வாங்கிய பதில் செல்லாக்காசு.

படி 6: எம்பிஏவில் என்ன எடுப்பது

'என்டர்டெயின்மென்ட் மார்க்கெட்டிங்' என்று கண்ணைப் பறிக்கும் ஒரு பாடம் இருக்கும். தாண்டிப் போங்கள், அதை இளங்கலையிலேயே படித்தாயிற்று. வேல்யூவேஷன் (ஒரு சொத்தின் விலையை மதிப்பிடுவது), பேச்சுவார்த்தை, டேட்டா, இந்த மூன்றையும் எடுங்கள்.

வேல்யூவேஷன் வகுப்பில்தான் இரண்டு பட்டமும் கை குலுக்கின. ஒரு பாடல் கேட்டலாக் எழுத்தாளர் பங்கு போக ஆண்டுக்கு 1,00,000 டாலர் தருகிறது, 15 மடங்குக்கு விலை பேசினால் 15 லட்சம் டாலர். வகுப்பில் எல்லோரும் வருமானத்தை நேர்கோட்டில் நீட்டினார்கள். ஆனால் புதுப் பாட்டின் வருமானம் முதல் சில வருடங்களில் மளமளவென்று சரிந்து பிறகுதான் நிலைக்கும் என்பது மியூசிக் இண்டஸ்ட்ரி படித்தவனுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும், 1978க்குப் பிறகு எழுதிக் கொடுத்த உரிமையை 35 வருடம் கழித்துத் திரும்பப் பெற அமெரிக்கப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் படைப்பாளிக்கு வழி விட்டிருக்கிறது. 1995இல் எழுதிக் கொடுத்தது 2030இல் வாங்கியவரின் கைவிட்டுப் போகலாம். எக்ஸெல்லில் வருமானத்தை அந்த வருடத்தோடு வெட்டினால் விலை மொத்தமும் மாறிவிடும். பாட்டின் ஒவ்வொரு பிரதிக்கும் எழுதியவர் தரப்புக்குப் போகும் மெக்கானிக்கல் ராயல்டியும் அப்படித்தான். டவுன்லோடுக்கும் சிடிக்கும் 2006 முதல் 2022 வரை 9.1 சென்டில் அசையாமல் கிடந்தது, 2023இல் 12 சென்ட் ஆனது. 'ஆண்டுக்கு 3 சதவீத வளர்ச்சி' என்று போட்டால் இரண்டு காலத்துக்கும் தப்பாகத்தான் வரும்.

பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி 1997இல் தன் எதிர்கால ராயல்டியை அடமானமாக வைத்து 5.5 கோடி டாலருக்குப் பத்திரம் வெளியிட்டார். பிறகு இணையத்தில் பாட்டு இலவசமாகப் பறக்க ஆரம்பித்ததும் இசைத்தட்டு விற்பனை சரிந்தது, 2004இல் கடன் தரம் மதிப்பிடும் மூடிஸ் நிறுவனம் அந்தப் பத்திரத்தின் தரத்தைக் குறைத்தது. இறுதி ப்ராஜெக்ட்டுக்கு நான் இதைத்தான் எடுத்தேன். உங்களுக்கும் எம்பிஏ ப்ராஜெக்ட் எல்லாவற்றிலும் இசையையே எடுங்கள் என்பேன், வேலைக்குப் போகும்போது காட்ட ஒரு கோப்பு கையில் இருக்கும்.

பின்னூட்டங்களைப் பார்த்தபின் சேர்த்தவை

ஒன்று. 'மியூசிக் பிசினஸ் ஃபைனான்ஸ்' என்று இசைத் துறை நடத்திய பாடத்தை அடித்தளப் பாடமாக பிசினஸ் ஸ்கூல் ஏற்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். நடக்கும். பாடக் குறியீடு பிசினஸ் ஸ்கூலுடையதாக இல்லாவிட்டால், சேரும் முன்பே சிலபஸை அனுப்பி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

இரண்டு. பள்ளியில் எடுத்த ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) கிரெடிட்கள் போய் விருப்பப் பாட இடங்களில் உட்கார்ந்துவிட்டன, நஷ்டமா? காலத்தில் நஷ்டமில்லை, 120ஐ அதே அளவு சீக்கிரம் தொடுவீர்கள். பணத்தில் நஷ்டம் வரலாம், ஏனென்றால் இளங்கலைக் கட்டணத்துக்குள் எடுத்திருக்கக்கூடிய எம்பிஏ பாடங்களைக் கிராஜுவேட் கட்டணத்தில் எடுக்க வேண்டியிருக்கும். மாணவர் விசாவில் இல்லாதவர்கள் உதவித்தொகை செமஸ்டர்கள் தீரும்வரை இளங்கலைப் பட்டத்தை வாங்காமல் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்று, எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள். ஓபிடி, அதாவது படித்த துறையில் வேலை பார்க்கத் தரும் தற்காலிக அனுமதி, ஒவ்வொரு பட்ட நிலைக்கும் 12 மாதம். இளங்கலை முடிந்ததும் இடைவெளி விடாமல் எம்பிஏவுக்குப் போனால் இளங்கலைக்கான ஓபிடியைப் பிறகு கேட்டு வாங்க முடியாது, எம்பிஏவுக்கானது மட்டுமே கையில் இருக்கும். இந்தத் துறையில் இன்டர்ன்ஷிப் நிறைய என்பதால் சிபிடியை (படிக்கும்போதே படிப்பின் பகுதியாக வேலை பார்க்கும் அனுமதியை) இஷ்டத்துக்கு எடுக்கத் தோன்றும்; ஒரே நிலையில் முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் அந்த நிலையின் ஓபிடி போய்விடும். சாதாரண எம்பிஏவின் சிஐபி எண் (படிப்பின் துறையைக் குறிக்கும் அரசுக் குறியீடு) 52.0201, மியூசிக் மேனேஜ்மென்ட்டுக்கு 50.1003, இரண்டுக்கும் 24 மாத ஸ்டெம் நீட்டிப்பு (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளுக்குத் தரும் கூடுதல் ஓபிடி) கிடையாது. மேனேஜ்மென்ட் சயின்ஸ், 52.1301, என்று பதிவான எம்பிஏவுக்கு உண்டு. விளம்பரத்தில் என்ன போட்டிருந்தாலும் சரி, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் உங்கள் ஐ-20 படிவத்தில் அச்சாகியிருக்கும் எண்தான் கணக்கு, அதைச் சேரும் முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.