ஜியோமெட்ரி ஓவியத்தை வீட்டில் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சதுரம், வட்டம், கோடு என்று வடிவங்களால் மட்டுமே ஆன அரூப ஓவியத்தை வில்லாவின் ஹாலில் மாட்டுகிறவர்கள் முதலில் சறுக்குவது ஆணியில்தான். நடுவில் ஒரே ஆணி அடித்து மாட்டிவிடுகிறார்கள். இயற்கைக் காட்சி லேசாகச் சாய்ந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. இங்கே படத்துக்குள்ளேயே நேர்கோடுகள் இருப்பதால் சாய்வு உடனே கண்ணை உறுத்தும். இரண்டு கொக்கிகளைத் தள்ளித் தள்ளி அடித்து, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தரை டைல்ஸை நம்பி அளக்க வேண்டாம், அதுவே பல வீடுகளில் மட்டமாக இருக்காது.

எது மேல்பக்கம் என்று ஊகிப்பது அதைவிடப் பெரிய தவறு. டச்சு அரூப ஓவியர் பியெத் மோந்திரியான் 1941-இல் கலர் டேப்புகளை ஒட்டி உருவாக்கிய 'நியூயார்க் சிட்டி 1', 1945 முதலே தலைகீழாகத் தொங்கியிருக்கலாம் என்று 2022-இல்தான் பேச்சு வந்தது. 1944-இல் அவருடைய ஸ்டுடியோவில் எடுத்த புகைப்படத்தில், கோடுகள் நெருங்கி இருக்கும் பக்கம் மேலே இருக்கிறது. டேப்புகள் கழன்றுவிடும் என்பதால் அதை வைத்திருக்கும் டுசெல்டார்ஃப் அருங்காட்சியகம் திருப்பவில்லை. ஆகவே படத்தின் பின்புறக் கையெழுத்தையும் அம்புக்குறியையும் பாருங்கள். இல்லையென்றால் ஓவியரிடமோ கேலரியிடமோ கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சோபாவுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று படத்தைத் திருப்பி மாட்டுவது ஓவியருக்குச் செய்யும் அநியாயம். படத்தின் நிறத்திலேயே குஷன் வாங்குவதும் எனக்கு ஏற்பில்லை; ஓவியம் அலங்காரப் பொருளாகச் சுருங்கிவிடுகிறது.

இரண்டு மாடி உயரச் சுவரைப் பார்த்ததும் படத்தை எட்டாத உயரத்தில் ஏற்றிவிடுவார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் போதும். நேர்வெயில் படும் சுவர் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் ஈரத்துணி. விளிம்பு நேராக வர டேப் ஒட்டித் தீட்டி, பிறகு டேப்பை உரித்தெடுத்த அக்ரிலிக் ஓவியத்தைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் பெயின்ட் மெல்லிய வரப்பாக எழும்பியிருக்கும். துணியின் நூல் அதில் சிக்கினால் விளிம்பு பெயர்ந்துவிடும், அந்தக் கூர்மைதான் ஓவியத்தின் உயிரே. தூசு தட்ட மிருதுவான உலர்ந்த பிரஷ் போதும், அதுவும் பெயின்ட் உரியாமல் உறுதியாக இருந்தால் மட்டும்.

வீட்டின் வெளிப்புறச் சுவரின் உள்பக்கத்தில் மாட்டியே ஆகவேண்டும் என்றால் சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டி, காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் படத்தை இறக்கி, பின்பக்கம் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.