கட்டித்தயிரை நம்பாதீர்கள்: உறைதயிரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டுப் பெண் ஓர் எவர்சில்வர் தட்டை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். தட்டில் உறைதயிர்ப் பாளம், அதாவது தேன் கலந்த தயிரைத் தட்டில் பரப்பி, ஃப்ரீசரில் உறையவைத்து, துண்டுகளாக உடைத்துச் சாப்பிடுவது. மேலே மாதுளை முத்துகள், மாம்பழத் துண்டுகள், பொடித்த பிஸ்தா. பார்வைக்கு நகைக்கடை விளம்பரம் தோற்றது. ஒரு துண்டை உடைக்கப் பார்த்தேன், முடியவில்லை. தோசைக் கரண்டியின் காம்பால் ஓங்கித் தட்டினேன். ஒரு சில்லு தெறித்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய் விழுந்தது.

"தயிரை வடித்தாயா?" என்று கேட்டேன்.

"வடிக்கத் தேவையே இல்லை, அக்கா. எங்கள் வீட்டுத் தயிர் கட்டித்தயிர்."

இதே பதிலை, இதே பெருமையோடு, எட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் சொல்லியிருக்கிறேன். இந்த மே மாதத்தில் மட்டும் நான்கு பேர் வாயால் அதைக் கேட்டுவிட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பழத்தைக் கழுவுங்கள், புளித்த தயிர் வேண்டாம், தட்டை மூடி வையுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அடுப்படியில் நின்று பழகிய யாருக்கும் அவை தெரியும்.

தயிரை வடிக்காமல் உறைய வைப்பது

பால் தயிராவதையும் உறைதல் என்கிறோம், தண்ணீர் பனிக்கட்டியாவதையும் உறைதல் என்கிறோம். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறதோ என்று எனக்குத் தோன்றும். கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத தயிரைப் பார்த்ததும், இதில் தண்ணீர் இல்லை என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. பால் பாக்கெட்டை எடுத்துப் படியுங்கள். ஆவின் பச்சை பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம், கொழுப்பு அல்லாத திடப்பொருள் 8.5 சதவீதம். மீதி 87 பங்கும் தண்ணீர். ஆரஞ்சு பாக்கெட்டில் 6, 9. அதிலும் 85 பங்கு தண்ணீர்தான். உறை ஊற்றிய பிறகு அந்தத் தண்ணீர் எங்கும் போய்விடுவதில்லை. புளிப்பேறியதும் பாலின் புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. சந்தேகமிருந்தால் தயிரில் ஒரு கரண்டி எடுத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். அந்தப் பள்ளத்தில் தெளிவு, அதாவது தயிரிலிருந்து பிரியும் தண்ணீர், ஊறி நிற்கும்.

ஃப்ரீசருக்குள் போனதும் முதலில் உறைவது வெறும் தண்ணீர். இனிப்பு, புளிப்பு, புரதம் எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு அது தனியாகப் பனிப்படிகமாகிறது. ஐஸ்கிரீம் செய்பவர்கள் உறையும்போதே கடைந்துகொண்டிருப்பதால் படிகங்கள் வளர நேரம் கிடைப்பதில்லை. நம் வீட்டு ஃப்ரீசர் சுமார் மைனஸ் 18 டிகிரியில் மெதுவாக உறைய வைக்கிறது, கடைவதும் இல்லை. படிகங்கள் சாவகாசமாக வளர்கின்றன. நாக்கில் மணல் போல நறநறவென்று படுவதும், கடித்தால் கல்லாக இருப்பதும் அவைதான்.

எனக்கு இது புரிந்த விதம் வேறு. எங்கள் குடியிருப்பில் ஒரு குழந்தைக்குப் பிறந்த நாள். நாற்பது பிள்ளைகள் வருவார்கள், ஐஸ்கிரீம் வேண்டாம், உடம்புக்கு நல்லதாக ஏதாவது செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். அதுவரை எனக்காகச் செய்தபோதெல்லாம் தயிரை ஒழுங்காக வடித்துத்தான் செய்திருந்தேன். அன்று ஐந்து லிட்டர் தயிரை முன்னால் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வடித்தால் பாதிகூடத் தேறாது. மூன்று லிட்டரைக் கொட்டவா? நன்றாக உறைந்த தயிர்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே தேன் கலந்து தட்டுகளில் ஊற்றினேன். மேலே இரண்டு கிலோ இமாம் பசந்த் மாம்பழம். அந்த விலையை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

மறுநாள் மாலை பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டை எடுத்து உறிஞ்சினார்கள். கடிக்க முடிந்தால்தானே! இனிப்பும் மாம்பழமும் முதலில் போய்விட்டன. பிறகு ஒவ்வொரு தட்டிலும் வெள்ளை வெளேரென்று சுவையற்ற பனிக்கட்டி மிஞ்சியது. நாற்பது தட்டு. அந்த வீட்டுப் பாட்டி, "பால் ஐஸ் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்களும் சந்தோஷமாகச் சப்பியிருப்போமே" என்றார். அவர் கேலி செய்யவில்லை என்பதுதான் கொடுமை. கைக்காசைப் போட்டுக் கடையில் ஐஸ்கிரீம் வாங்கி வந்து கொடுத்துவிட்டு, தட்டுகளைக் கழுவ உட்கார்ந்தேன்.

ஆகவே வடியுங்கள். வெள்ளை மல் துணியை நனைத்துப் பிழிந்து வடிதட்டில் விரித்து, தயிரைக் கொட்டி, துணியின் முனைகளைச் சேர்த்து முடிந்து, அடியில் ஒரு பாத்திரம் வைத்து ஆறு முதல் எட்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். ஆனால் ஃப்ரிட்ஜுக்குள். அம்மா குழாயில் கட்டித் தொங்கவிடுவாரே என்று நானும் ஒரு சித்திரை இரவில் தொங்கவிட்டேன். திருச்சி வெப்பத்தில் விடிவதற்குள் ஊறுகாய்ப் புளிப்பு. கொழுப்பு மிகுந்த பாலில் உறைய வைத்த ஒரு லிட்டர் தயிர் எனக்கு 400 கிராமிலிருந்து 450 கிராம் வரை தருகிறது. கரண்டியைக் குத்தினால் நிற்க வேண்டும். அதற்கு மேலும் பிழிந்தால் உதிர்ந்துபோய் வாயில் சுண்ணாம்புபோல ஒட்டும். இந்தப் பதத்தை மகாராஷ்டிரம், குஜராத் பக்கம் ஸ்ரீகண்ட் என்ற தயிர் இனிப்பைச் செய்பவர்கள் நன்றாக அறிவார்கள். வடித்த தயிருக்குச் சக்கா என்று அங்கே தனிப் பெயரே உண்டு.

வடித்ததை மிக்ஸியில் அடிக்காதீர்கள். சேர்த்துவைத்த வலை அறுந்து மறுபடி நெகிழ்ந்துவிடும். கை மத்தால் கலக்கினால் போதும்.

வடிக்கும் அளவைக் குறைக்க ஒரு வழியும் உண்டு. உறை ஊற்றுவதற்கு முன் பாலைப் பொங்கியதும் இறக்கிவிடாமல், சிறு தீயில் பத்து நிமிடம் கிண்டியபடி காய்ச்சுங்கள். அந்தச் சூட்டில் பாலிலுள்ள மற்ற புரதங்களும் அதன் முக்கியப் புரதமான கேசினோடு ஒட்டிக்கொண்டு தண்ணீரை இறுக்கமாகப் பிடிக்கும். கொஞ்சம் தண்ணீர் ஆவியாகவும் போகும். கெட்டிப்படுத்துகிறேன் என்று சோளமாவு கரைத்து ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். அதற்குப் பெயர் கூழ்.

ஆரோக்கியம் என்ற பெயரில் எல்லாவற்றையும் எடுத்துவிடுவது

கொழுப்பு நீக்கிய பால், துளி இனிப்பும் கிடையாது, பழம் மட்டும். கேட்க நன்றாக இருக்கிறது. உறைந்தபின் பாறைதான் கிடைக்கும். இனிப்பு நாக்குக்கு மட்டும் வேலை செய்வதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும்போது உறையும் வெப்பநிலையை இறக்குகிறது. அதனால் பாளத்தில் ஒரு பகுதி உறையாமல் நின்று, பல்லுக்கு வழிவிடுகிறது. தேனில் இருப்பவை பெரும்பாலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். மூலக்கூறுகள் சிறியவை என்பதால், அதே எடை சர்க்கரையைவிட அதிக எண்ணிக்கையில் இருக்கும். ஆகவே குறைந்த தேனே நல்ல மென்மையைத் தரும். 400 கிராம் வடித்த தயிருக்கு மூன்று மேசைக்கரண்டி போதும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்தது எதுவும் கூடாது. அவர்களுக்கு மசித்த வாழைப்பழம் இருக்கிறது.

குளிரில் நாக்கு இனிப்பைச் சரியாக உணராது. கலக்கும்போது சரியாக இருப்பது உறைந்தபின் சப்பென்றிருக்கும். தித்திப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். கொழுப்பும் அப்படித்தான், படிகங்களுக்கு நடுவே புகுந்து நின்று வழுவழுப்பைத் தருகிறது. எடை குறைக்க விரும்பினால் ஒரு துண்டைக் குறைத்துச் சாப்பிடுங்கள், பாவம் தயிரை வாட்டாதீர்கள்.

எதிர்த் திசையில் போகிறவர்களும் இருக்கிறார்கள். கண்டென்ஸ்டு மில்க், சாக்லேட் சில்லுகள், பிஸ்கட் தூள் எல்லாம் போட்டுவிட்டு, தயிர் இருக்கிறது என்பதற்காக அதை ஆரோக்கியம் என்கிறார்கள். இவர்களோடு எனக்குச் சண்டையில்லை. சுவையாகவே செய்கிறார்கள். பெயரைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பச்சை அன்னாசியைக் கலப்பது

என் நாத்தனார் மகள் ஒருமுறை தொலைபேசியில் அழாத குறை. நல்ல தயிர், நல்ல பழம், ஆனால் கசக்கிறது. தயிர் கெட்டுவிட்டதா என்று கேட்டாள். தயிர்மேல் பழி போடாதே என்றேன். அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டித் துண்டாக்குவது அதன் தொழில். பால் புரதம் துண்டானால் கசக்கும். அவள் காலையில் கலந்து வைத்துவிட்டு மதியம்தான் ஃப்ரீசரில் வைத்திருக்கிறாள். நொதிக்கு அது தாராளமான அவகாசம். உறைந்தபின் நொதி மந்தமாகுமே தவிர அழியாது.

நறுக்கிய அன்னாசியை வாணலியில் போட்டு, அதன் சாறு கொதித்து வற்றும்வரை ஐந்து நிமிடம் வதக்கி ஆறவையுங்கள். சூட்டில் நொதி செயலிழக்கும், தண்ணீரும் குறையும், மணமும் கூடும். டப்பா அன்னாசி ஏற்கெனவே சூடுபடுத்தியது, சாற்றை வடித்துவிட்டு அப்படியே போடலாம். கிவி, அத்தி இரண்டிலும் இதே வகை நொதிகள் உண்டு. பப்பாளியில் அது காயில்தான் அதிகம், நன்கு பழுத்ததில் தொல்லை குறைவு.

தர்பூசணி

வேண்டாம். நூற்றுக்கு 92 பங்கு தண்ணீர்.

டூட்டி ஃப்ரூட்டி

சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் ஏறிய பப்பாளிக்காய். பழக் கணக்கில் சேராது.

முழுத் திராட்சை

உறைந்த முழுத் திராட்சை சிறு பிள்ளைகளின் தொண்டையை அடைத்துவிடும். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் வீட்டில் இருந்தால் நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். இதில் சோம்பல் கூடாது.

ஈரப் பழத்தைத் தூவுவது

மாதுளையை உரித்து அலசி, வடிகட்டியிலிருந்து நேராகத் தயிர்மேல் கொட்டினால் ஒவ்வொரு முத்தைச் சுற்றியும் ஒரு பனி வளையம் கட்டும். எடுத்தவுடன் முத்துகள் உதிர்ந்துவிடும். பருத்தித் துணியில் பரப்பி ஈரம் போனபின் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். மாம்பழமானால் சதைப்பற்றுள்ள பங்கனபள்ளி போன்றதைச் சிறு துண்டுகளாகப் போடலாம். சாறு ஒழுகும் நாட்டு மாம்பழத்தைப் பிழிந்து, அடுப்பில் கொஞ்சம் சுண்டவைத்து, தயிரில் கோலம்போல இழுத்துவிடுங்கள். சப்போட்டா அருமையாக ஒத்துப்போகும், ஏனோ யாரும் அதை நினைப்பதில்லை. வாழைப்பழத் துண்டுகள் கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு.

கனமாக ஊற்றுவது

அரை அங்குலத்துக்கு மேல் போனால் நடுப்பகுதி உறைய நேரமாகும். நேரமானால் படிகம் பெரிதாகும். எவர்சில்வர் தட்டைப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் குளிரவைத்துவிட்டு, பட்டர் பேப்பர் விரித்து, சுண்டுவிரல் கனத்துக்குப் பரப்புங்கள். நான்கு மணி நேரம் போதும். பிளாஸ்டிக் டப்பா குளிரை மெதுவாகத்தான் உள்ளே விடும். உறைந்து உடைத்த பிறகுதான் டப்பாவுக்கு வேலை. அதுவும் இறுக்கமான மூடி இருந்தால். பக்கத்தில் மீன் இருக்கும் வீடுகளில் இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

உருகியதை மறுபடி உறைய வைப்பது

மின்சாரம் போய் மூன்று மணி நேரம் கழித்து வந்தால் பாளத்தின் சிறு படிகங்கள் கரைந்து, அந்தத் தண்ணீர் மிச்சமிருக்கும் பெரிய படிகங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். மறுமுறை உறைந்தது முதல்முறை போல இருக்கவே இருக்காது. உருகியது குளிர்ச்சி குறையாமல் இருந்தால் லஸ்ஸியாக அடித்துக் குடித்துவிடுங்கள். அறைச் சூட்டுக்கு வந்துவிட்டதென்றால் கொட்டிவிடுங்கள். உறைகுளிரில் கிருமி சாகும் என்று நம்பி இரண்டாம் முறை உள்ளே வைப்பவர்களுக்கு ஒரு செய்தி: தயிரின் நல்ல பாக்டீரியாக்களில் பெரும்பகுதி ஃப்ரீசரில் எப்படிச் சாகாமல் உறங்குகிறதோ, கெட்டவையும் அப்படியே உறங்கும்.

தெளிவைக் கொட்டுவது

எதிர் வீட்டுப் பெண்ணைத் துணியோடும் வடிதட்டோடும் அனுப்பிவைத்தேன். மூன்றாம் நாள் மறுபடி தட்டோடு வந்தாள். இந்த முறை பாளம் மடக்கென்று உடைந்தது. வாயில் போட்டதும் முதலில் தேன், பிறகு தயிர், கடைசியில் சப்போட்டா. நறநறப்பே இல்லை. நான் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டும்போது அவள் முகத்தில் லேசான வருத்தம்.

"ஒரு லிட்டர் தயிருக்கு இவ்வளவுதான் வந்தது, அக்கா. மீதியெல்லாம் பச்சைத் தண்ணீராகப் போய்விட்டது."

அந்த இளம்பச்சை நிறம் ரிபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின் என்றேன். சப்பாத்தி மாவு பிசையலாம், மோர்க்குழம்பில் சேர்க்கலாம், உப்பும் பெருங்காயமும் போட்டு அப்படியே குடிக்கலாம் என்று அடுக்கிவிட்டு, எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டேனே!"