சஷ்டி, சப்தமி, அஷ்டமி: மும்பைக் கழியில் கொடுவாவுக்கு நாள் குறிப்பது எப்படி

செம்பூரில் என் வீட்டுச் சமையலறையில் தொங்கும் தமிழ் தினசரி காலண்டரைப் புரட்டினால், மாசி பிறந்ததிலிருந்து வைகாசி முதல் வாரம் வரை சில தாள்களில் பேனா வட்டம் இருக்கும். எல்லாமே சஷ்டி, சப்தமி, அஷ்டமி: கடல்நீர் ஏறி இறங்கும் கழியில் கொடுவா மீனுக்குத் தூண்டில் போட நான் குறித்த நாட்கள். வளர்பிறையில் ஒரு மூன்று நாள், தேய்பிறையில் ஒரு மூன்று நாள். எனக்கு மாஹுல் பக்கம் ஷிஃப்ட் வேலை. மாதம் பிறக்கும் முன்பே வார ஓய்வை இந்த நாட்களுக்குள் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுவிடுவேன். எங்கள் ஃபோர்மேன் திருநெல்வேலிக்காரர். சஷ்டிக்கும் லீவு, அஷ்டமிக்கும் லீவு என்றதும் முருகனுக்கு ஒன்று பைரவருக்கு ஒன்று என விரதம் பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நானும் திருத்தப் போகவில்லை.

தூண்டில் போட வருகிறேன் என்று சொல்கிற நண்பர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த இடம்?" என்றுதான். இடம் அப்புறம். முதலில் நாள், அடுத்து மணி. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடாது. அங்கே கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நாலரை மீட்டர் வரை வித்தியாசம் வரும். நண்பகலில் படகு மிதந்த இடத்தில் சாயங்காலம் வெறும் சேறு. இப்படிப்பட்ட கடலில் "ஞாயிறு ஃப்ரீ, போகலாம்" என்று கிளம்பினால் பாதி நேரம் சேற்றைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

முக்கால் கணக்கு

கொங்கண் கரையில் பழைய ஆட்கள் போடும் ஒரு கணக்கு உண்டு. திதியின் எண்ணை முக்காலால் பெருக்க வேண்டும். வருகிற விடைதான் நீர் முழுசாக ஏறி நிற்கும் மணி. அஷ்டமி என்றால் 8, அதன் முக்கால் 6. காலை 6 மணிவாக்கில் ஒரு ஏற்றம், சாயங்காலம் 6 தாண்டி இன்னொன்று. சதுர்த்திக்கு 3 மணி, துவாதசிக்கு 9 மணி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் 15 என்று வைத்தால் பதினொன்றேகால் வரும். நடப்பில் பன்னிரண்டை ஒட்டி இருக்கும். அரை மணி, முக்கால் மணி முன்பின் ஆகலாம். கிளம்பும் வாரத்தில் மும்பைத் துறைமுகத்துக்கான டைட் டேபிளை (ஏற்ற, வற்ற நேர அட்டவணை) பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். கழிக்குள் எவ்வளவு உள்ளே போகிறீர்களோ அவ்வளவு தாமதமாக ஏற்றம் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு மாதம் முன்னால் லீவு கேட்பதற்கு முக்கால் கணக்கும் காலண்டரும் போதும்.

ஏன் இந்த மூன்று திதி? கொடுவா தேடித் தின்பது ஓடுகிற நீரில். அதிலும் வற்றத்தில். நீர் இறங்கும்போது அலையாத்திக் காட்டுக்குள் ஏறியிருந்த இறாலும் மடவைக் குஞ்சும் சின்ன ஓடைகள் வழியாக வெளியே வந்தாக வேண்டும். கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்கு நாற்காலிக்குப் பின்னால் நிற்பவரைப் போல, கொடுவா அந்த ஓடை வாயில் நிற்கும். இனி இதை மணியோடு சேர்த்துப் பாருங்கள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஆறு மணி நேரம். அந்த ஆறு மணியில் நீர் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. மொத்தத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. நடு இரண்டு மணி நேரம்தான் சாப்பாட்டு நேரம். சஷ்டியில் நாலரை மணிக்கு நீர் நிறைந்தால் ஆறரையிலிருந்து எட்டரை. சப்தமியில் ஏழேகாலிலிருந்து ஒன்பதேகால். அஷ்டமியில் எட்டிலிருந்து பத்து. வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இன்னொரு காரணம் சேறு. அமாவாசை, பௌர்ணமி நீர் கழியின் அடிச்சேற்றையே கிளறிக்கொண்டு ஓடும், டீ நிறத்தில். அதில் செயற்கை இரை மீனின் கண்ணில் படாது. அஷ்டமியை நெருங்க நெருங்க ஓட்டம் தணிந்து நீர் தெளியும். அப்படியானால் நவமி, தசமி இன்னும் நல்லதாயிற்றே என்று கேட்பீர்கள். தெளிவு கூடும், ஆனால் சில நாள் நீர் அசையவே அசையாது. ஓட்டம் இல்லாத நீரில் நான் தூண்டில் எடுப்பதில்லை. பெரிய நீரேற்றத்தில்தான் பெரிய மீன் வரும் என்று சாதிக்கிறவர்களும் உண்டு. உயிர் இறாலைக் கோத்து ஓடைக்குள்ளேயே போடுகிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம்.

மும்பைக் கரையின் மீனவச் சமூகமான கோலிப் படகுக்காரர்களிடம் பேச நான்கு சொல் தெரிந்தால் போதும். ஏற்றம் பர்த்தி, வற்றம் ஓஹோட்டி, அமாவாசை-பௌர்ணமிப் பெருநீர் உதாண், அஷ்டமியின் சிறிய நீரோட்டம் பாங். கொடுவாவை அவர்கள் ஜிதாடா என்பார்கள், காலாவை ராவஸ், செப்பிலியை தாம்போஷி. "மாமா, பாங் நீரில் ஜிதாடாவுக்குப் போகலாமா?" என்று கேட்டால் ஆள் விஷயம் தெரிந்தவன் என்று புரிந்துகொள்வார், வாடகைப் பேச்சும் கொஞ்சம் இறங்கி வரும்.

ஏன் மாசியில் தொடங்கி வைகாசியில் நிறுத்துவது

டிசம்பர், ஜனவரியில் கழி நீர் குளிர்ந்து கொடுவா மந்தமாக இருக்கும். மார்ச் வெயிலில்தான் சுறுசுறுப்பு வரும். ஜூனில் மழை இறங்கினால் அது முட்டையிடக் கழிமுகத்துக்கு நகரும். கடலும் நம்மை விடாது. தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்று பழகியவர்கள் இங்கே கணக்கை மாற்ற வேண்டும்: மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஏப்ரல் முழுக்க உங்களுக்குப் படகு கிடைக்கும். ஆனால் ஏப்ரலில் பதினொரு மணிக்கு மேல் வடமேற்குக் காற்று எழும்பிவிடும். அதற்குள் கரையேறிவிடுவதுதான் என் வழக்கம். மே நடுவில் கடலில் எழுச்சி தொடங்கும். அதன் பிறகு கேட்டாலும் நான் வரமாட்டேன்.

ஹோலிக்கு நாள் வைக்காதீர்கள். கோலிவாடாக்களில் (கோலி மீனவர் குப்பங்களில்) அது பெரிய திருவிழா, படகு நகராது.

இடம்

முதலில் போகக்கூடாத இடங்கள். தாணே கழியில் ஐரோலிப் பாலத்துக்கும் வாஷிப் பாலத்துக்கும் நடுவே இருப்பது ஃபிளமிங்கோ சரணாலயம், 2015இல் அறிவித்தது, 2022இல் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே தூண்டிலோடு நுழைய வேண்டாம். மாஹுல், டிராம்பே கரையில் சுத்திகரிப்பு ஆலைகளும் அணு ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. அங்கே ராடைத் தூக்கிக்கொண்டு நின்றால் காவலர்களுக்குப் பதில் சொல்லியே நேரம் போகும். மாஹிம், மீட்டி ஆற்று வாய் பற்றி மூக்கு உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வீச்சுப் பழக மனோரி, கோராய் போதும். மார்வேயிலிருந்து படகில் மனோரி, போரிவலிப் பக்கமிருந்து கோராய். பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். கொடுவா கிடைக்கும் என்று வாக்குத் தரமாட்டேன், கெளுத்தி நிச்சயம்.

நான் போவது ரேவ்தண்டா. குண்டலிகா ஆறு கடலில் சேரும் இடம். இந்தப் பக்கம் போர்ச்சுகீசியர் கட்டிய ரேவ்தண்டா கோட்டைச் சுவர்கள், அந்தப் பக்கம் கோர்லாய்க் கோட்டை. கோர்லாய் ஊரில் இன்னும் போர்ச்சுகீசியம் கலந்த ஒரு மொழி பேசுகிறார்கள். தேநீர்க் கடையில் உட்கார்ந்து அதைக் கேட்பதற்கே நான் அரை மணி கூடுதலாக இருப்பேன். கழிமுகத்திலிருந்து உள்ளே போனால் இரு கரையிலும் அலையாத்தி, நடுநடுவே உப்பு வயல் மதகுகள்.

பைக்கில் போகிறவர்களுக்கு மும்பையின் பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து மாண்ட்வா வரை வண்டியோடு ஏறும் ரோரோ கப்பல் வசதி, ஒரு மணி நேரம். மாண்ட்வாவிலிருந்து அலிபாக் 20 கிலோமீட்டர், அங்கிருந்து ரேவ்தண்டா 17. சாலையிலேயே போனால் பன்வேல், பேண், வட்கல் வழி. மும்பைக் கடல் பாலமான அடல் சேதுவில் இரு சக்கர வண்டிக்கு அனுமதி இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம். முந்தின நாள் மதியமே போய் ஒரு ஹோம்ஸ்டேயில் படுத்துவிடுங்கள். அதிகாலை மும்பையிலிருந்து கிளம்பி ஆறரைக்கு அங்கே நிற்க முடியாது. ஏப்ரல் சனி, ஞாயிறு அலிபாக் சாலை நெரிசலைப் பற்றிப் பேசவே வேண்டாம். திதி வார நாளில் விழுந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படகு பேசும்போது மூன்று விஷயத்தை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். டீசல் யார் செலவு, எத்தனை மணிக்குத் திரும்புவது, எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா. கடைசிக் கேள்விக்குச் சிரிப்பு வந்தால் உங்கள் ஜாக்கெட்டை நீங்களே கொண்டுபோங்கள்.

சாமான்

ஏழடி ராடு, 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 20 பவுண்டு பின்னல் நூல். நுனியில் 40 பவுண்டு தங்கூசி ஒன்றரை மீட்டர். இந்த நுனியில் கஞ்சம் பிடிக்காதீர்கள். மதகுக் கல், பாறை எல்லாவற்றிலும் கொட்டலசும் சிப்பியும் ஒட்டியிருக்கும். மெல்லிய நூல் ஒரு உரசலில் போய்விடும். ஏழு முதல் பத்து கிராம் ஜிக் தலையில் (ஈயத் தலை வைத்த முள்) மூன்று நான்கு அங்குல ரப்பர் இறால். கிராஃபர்ட் மார்க்கெட் பக்கத்துக் கடைகளில் எல்லாம் கிடைக்கும்.

இதோடு ஒரு பாப்பிங் கார்க் வைத்துக்கொள்ளுங்கள். ஹூஸ்டனில் இருக்கும் என் சித்தி மகன் காட்டிக்கொடுத்த சரக்கு இது. அமெரிக்க வளைகுடாக் கரைச் சதுப்புகளில் வசந்தம் வந்து நீர் சூடேறினால் ஸ்பெக்கிள்ட் ட்ரௌட் ஆழத்தை விட்டு மேட்டு நீருக்கு வரும். ட்ரௌட் என்றாலும் அது நம் கத்தாழைக் குடும்பம்தான். அதற்கு அங்கே போடுவது இந்தக் கார்க்: குழிந்த தலையுள்ள தக்கைக்குக் கீழே இரண்டடியில் இறாலைத் தொங்கவிட்டு, சுண்டி இழுத்தால் 'களப்' என்று சத்தம் வரும். மீன் இரை தின்கிற சத்தம் என்று நினைத்து மற்ற மீன் தேடி வரும். கலங்கல் நீரில் கண்ணுக்குத் தெரியாததைக் காதில் விழ வைப்பதால் மும்பைக் கழிக்கு இது அளவெடுத்துச் செய்த மாதிரி. சுண்டு, பத்து எண்ணும் வரை சும்மா இரு, மறுபடி சுண்டு. சும்மா இருக்கிறபோதுதான் கடிக்கும், பலருக்கு அதுதான் முடிவதில்லை.

நீரில் பார்க்க வேண்டியது

ஓடை வாயில் நுரைக் கோடு. மடவைக் குஞ்சு ஒன்றாகத் துள்ளிச் சிதறுவது. தெளிநீரும் கலங்கலும் உரசும் விளிம்பு. மதகிலிருந்து வடியும் நீர். இவற்றில் ஒன்றாவது இருந்தால் படகை இருபது முப்பது அடி தள்ளி நிறுத்தச் சொல்லி, நீரோட்டத்துக்கு மேல்பக்கம் வீசி, இரையை நீரே இழுத்து வர விடுங்கள். நீங்கள் வேகமாகச் சுற்றினால் காரியம் கெடும். ஒரு ஓடையில் பத்து வீச்சு, கடி இல்லையென்றால் அடுத்தது. அதே ஓடையில் ஒரு மணி கழித்து மீன் வந்து நிற்கலாம், திரும்பும் வழியில் மறுபடி பாருங்கள்.

கிளையில் முள் மாட்டினால் நூலை அறுத்துவிடுங்கள். அலையாத்திக் கிளையை ஒடிப்பது மகாராஷ்டிராவில் குற்றம்.

சேற்றில் இறங்குவது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். நான்காம் மணியில் நீர் இறங்கி வெளிப்பட்ட சேறு கெட்டியாகத் தெரியும், நாலு எட்டில் தொடை வரை போகும். பெருநீர் நாளாக இருந்தால் திரும்பி வரும் நீர் நடு மணிகளில் மணிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஏறும். கரையோர மணலில் நடப்பதானாலும் காலைத் தேய்த்துத் தேய்த்து நடங்கள், திருக்கை இருந்தால் விலகிப் போகும்.

பிடித்த பிறகு

கொடுவாவைச் செவுளில் பிடிக்காதீர்கள், மூடியின் விளிம்பு பிளேடு. கீழ் உதட்டைத் துணியோடு பற்றி, வயிற்றுக்கு ஒரு கை கொடுங்கள். கெளுத்தி மாட்டினால் குறடு இல்லாமல் தொட வேண்டாம். முள் குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி தணியும்.

கொடுவா ஆணாகத் தொடங்கி, சில வருடம் கழித்துப் பெட்டையாக மாறும் மீன். ஐந்தாறு கிலோவுக்கு மேல் போனது பெரும்பாலும் முட்டை போடும் பெட்டைதான். மழைக்கு முன் அதைத் தூக்கிக்கொண்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை. படம் எடுத்துவிட்டு, நீரோட்டத்தை நோக்கித் தலையைப் பிடித்து, அது தானாக உதறும் வரை காத்திருந்து விடுகிறேன். குழம்புக்கு ஒன்றரை, இரண்டு கிலோ மீன்தான் ருசி. இரண்டு கிடைத்தால் ஒன்று படகுக்காரருக்கு. வாடகை தனி, இது தனி.

ஐஸ் பெட்டியை மும்பையிலிருந்தே நிரப்பிக்கொண்டு போங்கள். திரும்பியதும் குளிப்பதற்கு முன் ரீலையும் ராடின் வளையங்களையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் வையுங்கள். உப்பு ஒரு ராத்திரியில் வேலையைக் காட்டிவிடும்.