பள்ளி திறக்கும் முன்: பயத்திலிருந்து இலக்கை எடுப்பது எப்படி?

பள்ளி திறக்க இன்னும் பத்து நாள் இருக்கும்போதே சிலருக்கு வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடும். புது வகுப்பு, புது ஆசிரியர், பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்களோ என்ற யோசனை. எனக்கு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் இருந்தது. "பயப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் என்ன செய்வது என்று தெரியாததால் பயம் அப்படியே நின்றது. பின்னாளில் எனக்குக் கைகொடுத்தது ஒரு தாளும் பேனாவும்தான். பயத்தை முதலில் எழுதிவிட்டு, அதிலிருந்தே அந்த வருடத்து இலக்கை எடுக்கும் முறை அது. இதுவரை இலக்கு என்று எதையும் எழுதாதவர்களும் செய்யலாம்.

படி 1: மூச்சைச் சரிசெய்யுங்கள்

பதற்றம் வந்தால் உடலில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிறு கலங்கும். முக்கியமான ஒன்றுக்கு உடல் தயாராகிறது, அவ்வளவுதான்.

மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். அதனால் விடும் மூச்சை நீட்ட வேண்டும். மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். பத்து முறை போதும். தலை சுற்றுவதுபோல் இருந்தால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

படி 2: பயங்களைக் கொட்டி எழுதுங்கள்

போனை வேறு அறையில் வைத்துவிட்டு 10 நிமிடம் எழுதுங்கள். எழுத்துப்பிழை, கையெழுத்து எதையும் பார்க்க வேண்டாம். உளவியல் ஆய்வாளர்கள் ஜெரார்டோ ரமிரெஸ், சியான் பெய்லாக் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம் தங்கள் கவலைகளை எழுதிய மாணவர்கள் தேர்வை மேலும் நன்றாக எழுதினார்கள். தேர்வுப் பயம் அதிகம் உள்ளவர்களுக்குத்தான் பலன் கூடுதல். கவலை மனதில் ஓடிக்கொண்டே இருந்தால் யோசிக்க இடம் குறைகிறது, எழுதினால் அந்த இடம் கொஞ்சம் காலியாகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

"பள்ளி என்றாலே பயம்" என்று மட்டும் எழுதினால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

- மதிய இடைவேளையில் தனியாக உட்கார வேண்டிவருமோ?
- பின்னங்கள் போன வருடமே புரியவில்லை, இந்த வருடம் என்ன ஆகும்?
- எழுந்து வாசிக்கச் சொன்னால் குரல் நடுங்குமே.
- வகுப்பு ஆசிரியர் கண்டிப்பானவராக இருந்தால்?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளை தானாகக் காட்டினால் தவிர அந்தத் தாளை எடுத்துப் படிக்காதீர்கள். யாரும் பார்க்க மாட்டார்கள் என்றால்தான் உண்மை தாளில் வரும்.

படி 3: கையில் இருப்பதைப் பிரித்தெடுங்கள்

ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்பது நம் கையில் இல்லை. அதன் மேல் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பின்னங்கள் நம் கையில் இருக்கின்றன, அதை வட்டமிடுங்கள்.

படி 4: வட்டமிட்ட பயத்தை இலக்காக்குங்கள்

இந்தப் படிக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளானாலும் பரவாயில்லை.

பெரும்பாலோர் "கணக்கில் 90 எடுப்பேன்" என்றுதான் எழுதுவார்கள். ஆசை நல்லதுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த வரி சொல்வதில்லை. "நன்றாகப் படிப்பேன்" என்பது இன்னும் மோசம், செய்தோமா இல்லையா என்றே தெரியாது. கை செய்யும் வேலையாக எழுதுங்கள்: "தினமும் 20 நிமிடம் பின்னக் கணக்குகள் போடுவேன்."

அப்புறம் அதை "நடந்தால், செய்வேன்" என்ற வடிவத்துக்கு மாற்றுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல வருடங்கள் ஆராய்ந்த முறை இது. எப்போது, எங்கே என்று முன்பே முடிவு செய்துவிட்டால், அந்த நேரத்தில் மறுபடி யோசித்துத் தயங்க வேண்டியதில்லை.

- மாலையில் பையை மேசையில் வைத்தால், முதலில் கணக்கு நோட்டைத் திறப்பேன்.
- எழுந்து வாசிக்கச் சொன்னால், ஒரு முறை மூச்சை நீளமாக விட்டுவிட்டு ஆரம்பிப்பேன்.
- இடைவேளை மணி அடித்தால், பக்கத்தில் இருப்பவரிடம் "நானும் உங்களோடு உட்காரலாமா?" என்று கேட்பேன்.

மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒன்றே ஒன்று என்றாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.

படி 5: தூக்கத்தை நகர்த்துங்கள்

6 முதல் 12 வயதுவரை 9–12 மணி நேரமும், 13 முதல் 18 வரை 8–10 மணி நேரமும் தூக்கம் தேவை. விடுமுறையில் தள்ளிப்போன நேரத்தை ஒரே இரவில் இழுத்துப் பிடிக்க முடியாது. இரண்டு நாளுக்கு ஒரு முறை 15 நிமிடம் முன்னதாகப் படுத்து, அதே அளவு முன்னதாக எழுங்கள். எழுந்ததும் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நில்லுங்கள்.

படி 6: முதல் நாள் காலை

பையை முந்தின இரவே அடுக்கிவிடுங்கள். காலையில் நெஞ்சு படபடத்தால் அதை அடக்கப் பார்க்காமல், "எனக்கு ஆர்வமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பாடுவது, மேடைப் பேச்சு, கணக்குத் தேர்வு ஆகியவற்றுக்கு முன் இப்படிச் சொன்னவர்கள் மேலும் நன்றாகச் செய்ததை ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் ஒரு ஆய்வில் காட்டினார். படபடப்பும் ஆர்வமும் உடலில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

சில வாரங்கள் ஆகியும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பள்ளி என்றாலே அழுகை வருகிறது என்றால் வீட்டில் நம்பும் ஒருவரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சொல்லிவிடுங்கள். அந்த அளவுப் பயத்தைத் தாளோடு தனியாகச் சமாளிக்க வேண்டியதில்லை.

படி 7: இரண்டு வாரம் கழித்து

தாளை மறுபடி எடுங்கள். நடக்காமலே போன பயங்களை அடித்துவிடுங்கள். ஒரு பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது என்றும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்வரை மாறியது என்றும் ஃபிலிப்பா லாலி குழுவின் ஆய்வு சொல்கிறது. எனவே இடையில் விட்டுப்போன நாட்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அடிக்கடி தவறும் வரி இருந்தால் அதன் அளவைப் பாதியாக்குங்கள்: 20 நிமிடம் முடியவில்லை என்றால் 10. அதுவும் கஷ்டமா, இரண்டே இரண்டு கணக்கு.