பழைய படகின் மரத்தளம்: அழகு பார்க்கும் அவசரத்தில் நேரும் தவறுகள்

பழைய படகின் மேல்தளத்தைப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் முதலில் உப்புத்தாளைத்தான் தேடுகிறார்கள். முதலில் கையில் எடுக்க வேண்டியது கொட்டாப்புளி. பலகை பலகையாகத் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரென்று பேசும். இற்றுப்போன இடம் பொத்தென்று ஒலிக்கும். பாய்மரத்தின் அடி, கைப்பிடிக் கம்பிகள் ஊன்றிய இடம், திருகாணித் துளைகள் ஆகியவற்றில்தான் நீர் இறங்கும். தளத்துக்கு அடியிலும் டார்ச் அடித்து ஈரக்கறை தேடுங்கள். அடியில் சட்டம் மக்கியிருக்க, மேலே பளபளப்பாக்குவது வீண்செலவு.

மரத்தை அரிப்பது கடல்நீர் என்று நினைப்பதும் தவறு. மழைநீர்தான் அதைவிட மோசம். மரத்தில் ஈரப்பதம் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வளரும். உப்பு அதை ஓரளவு தடுக்கும், மழைநீர் தடுக்காது. ஆகவே காற்றுப் புகாதபடி பிளாஸ்டிக் விரிப்பால் இறுக்கி மூடி வைப்பது, பாதுகாப்பு என்ற பெயரில் பூஞ்சைக்குப் பந்தல் போடுவதுதான்.

தேக்கு சாம்பல் நிறமாவது நோயல்ல. வெயில் பட்ட மேல்தோல், அவ்வளவே. அதைப் போக்க உயரழுத்த நீர்ப்பீச்சியை வைத்தால் மென்மையான நார் பெயர்ந்து, கடினமான ரேகைகள் வரப்புபோல் எழுந்து நிற்கும். அந்த வரப்பைச் சமன்செய்ய இயந்திரத்தால் தேய்ப்பார்கள். அடுத்த ஆண்டும் அதே கதை. திருகாணித் தலையை மறைக்கும் மர முளைகள் சில மில்லிமீட்டர் தடிமன்தான். தேயத் தேய அவை கழன்று விழும். மென்மையான பிரஷ்ஷால் ரேகைக்குக் குறுக்காகத் தேய்த்துக் கழுவினாலே போதும். இரும்பு நார் வேண்டவே வேண்டாம். உதிரும் துணுக்குகள் துருப்புள்ளிகளாகும்.

அதிகம் சொதப்புவது பலகை இடுக்குகளை அடைக்கும் வேலையில்தான். பழைய அடைப்பின் மேலேயே புதியதைப் பூசுகிறார்கள். பழையது உரியும்போது புதியதும் சேர்ந்து வரும். இடுக்கை அடிவரை சுரண்டி, உலரவிட்டு, தேக்காக இருந்தால் பக்கங்களை அசிட்டோனால் துடையுங்கள். தேக்கில் இயல்பாக உள்ள எண்ணெய், இடுக்கை அடைக்கும் ரப்பர் பசையைப் பிடிக்க விடாது. பிறகு இடுக்கின் அடியில் ஒட்டாத நாடா ஒன்றை விரிக்க வேண்டும். ரப்பர் பசை இரு பக்கங்களில் மட்டும் ஒட்டியிருந்தால் பலகை விரிந்து சுருங்கும்போது கூடவே இழுபடும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் இழுபட வழியின்றிக் கிழியும். பலர் இந்த நாடாவைத்தான் மிச்சம்பிடிக்கிறார்கள். பருத்தித் திரி அடைக்கும் பழைய முறையிலும் இதே பொறுமை தேவை: காய்ந்த பலகைகளுக்கிடையே திரியை இறுக அறைந்துவிட்டால், நனைந்து உப்பும்போது பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி விளிம்பு நசுங்கும்.

ஒழுகலுக்கு ஒரே தீர்வாகப் பலகைத் தளத்தின் மேல் பாலியெஸ்டர் பிசினும் கண்ணாடி இழையும் போர்த்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மரம் அசையும், அந்தப் போர்வை அசையாது. விரிசல் வழியே புகும் நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும்.

திருகாணியில் பித்தளையைத் தவிருங்கள். உப்புநீரில் அதன் துத்தநாகம் கரைந்து, தொட்டால் நொறுங்கும். சிலிக்கான் வெண்கலம் நல்லது. வேலை முடிந்ததும் நடக்கும் தளத்துக்கு வார்னிஷ் அடிக்க ஆசை வரும். ஈரம் பட்டால் கால் வழுக்கும். வார்னிஷைக் கைப்பிடிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.